கன் வாங்கினால் விரிப்பு வந்துவிடுமா? வீட்டில் டஃப்டிங் பழகுகிறவர்களுக்கு

கேள்வி | 7 செப்டம்பர் 2024, மாலை 6.15

கோவையில் இரண்டு படுக்கையறை அபார்ட்மெண்ட். டஃப்டிங் வீடியோக்களை, அதாவது மின்சாரக் கன்னால் துணியில் நூலைக் குத்தி விரிப்பு செய்வதை, பார்த்துப் பார்த்துத் தூக்கமே போய்விட்டது. கன் வாங்கப் பணமும் ஒதுக்கியாயிற்று. கன் மட்டும் கைக்கு வந்துவிட்டால் ஒரு சனி ஞாயிறில் இரண்டடி விரிப்பை முடித்துவிடலாம், நாலைந்து செய்து கை பழகினால் விற்கவே ஆரம்பிக்கலாம் என்கிறார்கள். எந்தக் கன் வாங்குவது என்று மட்டும் சொல்லுங்கள், போதும்.

பதில் | 7 செப்டம்பர், இரவு 9.50

கன் கடைசி. துணியை இழுத்துக் கட்டும் மரச் சட்டம் எங்கே நிற்கப் போகிறது என்று முதலில் சொல்லுங்கள்.

வீடியோவில் காட்டுவது கன் ஓடும் நேரத்தை. பார்க்க அழகாக இருப்பதும் அதுதான். இரண்டடி விரிப்புக்குக் கன் ஓடுவது ஒரு மத்தியானம், அவ்வளவுதான். அதற்கு முன்னால் சட்டம் அடிப்பது, துணி இழுத்துக் கட்டுவது, நூல் சுற்றுவது. பின்னால் பசை, உலர்த்தல், பின்துணி, ஓரம் மடிப்பது, கத்தரிப்பது. நல்ல விரிப்பும் மட்டமான விரிப்பும் பிரிகிற இடம் இந்த முன்னும் பின்னும்தான். சனி ஞாயிறில் முடியும் என்பவர்கள் பசை காய்கிற நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

8 செப்டம்பர், காலை 7.10

கேட்டதற்குப் பதில் சொல்லாமல் பாடம் நடத்தினால் எப்படி என்று வீட்டில் திட்டு. சரி, கன் பற்றி.

வகை இரண்டு: கட் பைல், லூப் பைல். பைல் என்றால் விரிப்பின் முகத்தில் நிற்கும் முடி. கட் பைலில் ஊசி நூலைத் துணி வழியே மறுபக்கம் தள்ளுகிறது. ஊசியோடு கூடவே போகும் சின்னக் கத்தரி அந்த வளையத்தை வெட்டிவிட்டுத் திரும்புகிறது. அதனால் முன்பக்கம் முடி முடியாக நிற்கும். லூப் பைலில் கத்தரி கிடையாது, வளையம் வளையமாகவே தங்கும். கடைகளில் ஏகே-1 என்று வருவது கட், ஏகே-2 லூப், இரண்டும் செய்வது ஏகே டுவோ. கூரியர்க்காரர் கீழே நின்று "மேடம், ஏகே கன் வந்திருக்கு" என்று சத்தம் போட்டால் பக்கத்து வீட்டில் கதவைச் சாத்துவார்கள், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

தொடக்கத்துக்குக் கட் பைல் மட்டும் போதும். லூப்பில் வளையம் கொஞ்சம் உயரம் மாறினாலும் கண்ணுக்குத் தெரியும். கட் பைலில் ஏற்ற இறக்கத்தைப் பிறகு கத்தரித்துச் சமன் செய்துகொள்ளலாம். இரண்டும் செய்கிற கன்னில் மாற்றி மாட்டும் வேலை இருக்கிறது. பழகும்போது அந்தத் தொல்லை எதற்கு?

எடை ஒரு கிலோவுக்கு மேல். தோள் உயரத்தில் தூக்கிப் பிடித்து ஓட்டுவதால் மறுநாள் தோள்பட்டை சொல்லும்.

8 செப்டம்பர், மாலை 5.30

சட்டத்துக்கு வருகிறேன். இரண்டடிக்கு இரண்டடி விரிப்பு என்றால் சட்டத்தின் உள்ளளவு மூன்றடிக்கு மூன்றடி வேண்டும். சட்டத்தை ஒட்டிக் கன்னை ஓட்ட முடியாது, கன்னின் மூக்கு கட்டையில் இடிக்கும். ரீப்பர் கட்டை நாலு, மூலைக்கு எல் ஆங்கிள், கீழே நிற்க இரண்டு கால். இதற்குத் தச்சர்கூட வேண்டாம். ஆனால் சட்டம் ஆடவே கூடாது. நீங்கள் கன்னை வைத்து அழுத்த அழுத்த அது பின்னால் போய்க்கொண்டிருந்தால் வரிசை எதுவும் நேராக வராது. சி கிளாம்ப் போட்டுக் கனமான மேசையோடு இறுக்கிவிடுங்கள்.

துணியைப் பிடிக்க, தரைக் கம்பளம் பதிப்பவர்கள் சுவரோரம் அடிப்பார்களே, சாய்ந்த ஆணி வைத்த பட்டை, அது. சட்டத்தைச் சுற்றி, ஆணிகள் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும்படி அடிக்க வேண்டும். துணியை ஒரு பக்கம் மாட்டி, எதிர்ப்பக்கம் இழுத்து மாட்டி, அப்புறம் மற்ற இரண்டு பக்கம். பிறகு திரும்ப ஒரு சுற்று, திரும்ப ஒரு சுற்று. விரலால் சுண்டினால் மேளம் மாதிரி சத்தம் வர வேண்டும். வராவிட்டால் கன்னைத் தொடாதீர்கள். விரலில் ஆணி குத்தும். குத்தட்டும், தளர்ந்த துணியில் கன் ஓட்டிக் கிழிப்பதைவிட அது மேல்.

8 செப்டம்பர், இரவு 10.05

"ஈரோட்டில் உட்கார்ந்துகொண்டு துணிக்கு ஏன் ஆன்லைனில் தேட வேண்டும், காடாத் துணி கிலோக் கணக்கில் கிடைக்குமே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எனக்கும் அந்த ஆசை இருந்தது. காடா நெருக்கமாக நெய்தது. ஊசி வரும்போது இழைகள் ஒதுங்கி வழிவிட இடம் இல்லை, அறுந்துவிடும். ஒரு வரிசையை ஒட்டி இன்னொன்று அடிக்கும்போது இரண்டுக்கும் நடுவே நீளமாகப் பிளந்துகொள்ளும். சணல் சாக்குத் துணியோ இதற்கு நேர்மாறு, இழை விலகும், ஆனால் இழுப்புக்குத் தாங்காது. டஃப்டிங்குக்கென்றே வரும் பாலியெஸ்டர் கலந்த துணியில் இழை ஒதுங்கும், அறுந்தும் போகாது. அதில் இடைவெளி விட்டுக் கோடுகளும் ஓடும். துணியைக் கோணலாக இழுத்து மாட்டியிருந்தால் அந்தக் கோடே காட்டிக்கொடுக்கும்.

காடாவைத் தூக்கி எறிய வேண்டாம். கடைசியில் பின்துணியாக ஒட்டலாம், அதற்கு அருமையான சரக்கு.

11 செப்டம்பர்

கன் வாங்கும் முன் பஞ்ச் நீடில் வாங்கிப் பழகலாமா என்று கேள்வி. தாராளமாக. கையால் குத்துகிற ஊசிதான், சில நூறு ரூபாயில் முடியும். மெதுவாகப் போகும், வளையம் மட்டுமே வரும். ஆனால் துணி இறுக்கம் ஏன் வேண்டும், நூல் தடையில்லாமல் ஏன் வர வேண்டும் என்பதெல்லாம் கைக்கே புரிந்துவிடும். அதில் ஒரு தட்டளவு விரிப்பைப் பசை, பின்துணி, ஓரம் வரை முடித்துப் பாருங்கள். முடிக்கும் வேலை பிடிக்கவில்லை என்றால் கன் காசு மிச்சம்.

14 செப்டம்பர், காலை

நூல். இது என் ஊர்ப் பக்கம் என்பதால் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே கோன் கோனாகக் கிடைப்பது பருத்தி. பனியன் நூல் முப்பது, நாற்பது கவுண்ட். பருத்தியில் எண் கூடக்கூட நூல் மெலிதாகும், எனவே நாற்பதாம் நம்பர் நூலை வைத்துக்கொண்டு டஃப்டிங் செய்ய வேண்டுமென்றால் ஒரு கொத்தையே சேர்த்துக் கோக்க வேண்டும். பத்துக்குக் கீழே உள்ள ஓஇ (ஓப்பன் எண்ட் முறையில் நூற்ற) நூல், ஜமக்காளத்துக்குப் போடுகிற மாதிரி தடிப்பானது, அது பரவாயில்லை. நாலைந்து இழை சேர்த்தால் ஓடும். ஆனால் பருத்தி முடி மிதிபட மிதிபடப் படுத்துவிடும், தானாக எழுந்து நிற்காது. சுவரில் மாட்டுகிறவர்களுக்குக் கவலையில்லை.

கம்பளிக்குத்தான் மிதித்தாலும் எழும் குணம். விலையும் அப்படி. அக்ரிலிக் நடுவில் நிற்கிறது: நிறம் கொட்டிக்கிடக்கும், விலை குறைவு, கொஞ்ச நாளில் நுனி பிரிந்து பஞ்சு மாதிரி ஆகும். லூதியானா, பானிப்பத் பக்கத்து அக்ரிலிக் எல்லா ஊர் நூல் கடையிலும் கிடைக்கிறது. முதல் சில துண்டுகளுக்கு அதுவே போதும். இரண்டு இழை சேர்த்து ஓட்டுங்கள். ஒற்றை இழையில் வரிசை இளித்துக்கொண்டு அடித்துணி தெரியும்.

இன்னொன்று. பின்னலுக்கு விற்கும் உருண்டையை அப்படியே கன்னில் கோக்காதீர்கள். உருண்டை புரளும், சிக்கும், ஒரு நொடி நூல் இழுபட்டால் அப்போதுதான் அடித்த வரிசை அப்படியே உருவிக்கொண்டு வந்துவிடும். கோனில் சுற்றிக்கொள்ளுங்கள். கோனைத் தரையில் வைத்து, தலைக்கு மேலே ஒரு கொக்கி வழியாக நூலை ஏற்றி இறக்கினால் தடையில்லாமல் வரும். இரண்டு இழை என்றால் இரண்டு கோன், ஒரே வேகத்தில் வர வேண்டும்.

14 செப்டம்பர், மதியம்

எவ்வளவு நூல் வேண்டும்? பத்து செ.மீ.க்குப் பத்து செ.மீ. சதுரம் ஒன்றை ஓரத்தில் அடித்துப் பாருங்கள். அடிப்பதற்கு முன்பும் பின்பும் கோனைத் தராசில் வையுங்கள். வித்தியாசத்தை நூறால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு ஆகும் நூல். 18 கிராம் போயிருந்தால் சதுர மீட்டருக்கு 1.8 கிலோ. முடி உயரத்தை மாற்றினாலோ, வரிசையை நெருக்கினாலோ கணக்கு மாறும், மறுபடி எடை போட வேண்டும். ஒரே நிறத்தை மொத்தமாக ஒரே லாட்டில் (ஒரே தடவையில் சாயம் போட்டதில்) வாங்குங்கள். அடுத்த லாட்டில் அதே சிவப்பு வேறு சிவப்பாக வந்து நிற்கும்.

20 செப்டம்பர்

ஓட்டும் விதம்.

நீங்கள் பார்த்துக்கொண்டு ஓட்டுவது விரிப்பின் முதுகு. முகம் மறுபக்கம். அதனால் படத்தை இடவலம் மாற்றி வரைய வேண்டும். பூ, இலை என்றால் யாருக்கும் தெரியப்போவதில்லை. எழுத்து வந்தால் மானம் போகும். தமிழில் "ப" மாதிரி ஒன்றிரண்டுதான் இடவலம் மாறினாலும் தப்பிக்கும், மற்றதெல்லாம் காட்டிக்கொடுக்கும். பெயர்ப் பலகை செய்து தரச் சொல்லிக் கேட்கும் சொந்தக்காரர்கள் கொஞ்சம் பொறுத்திருக்கட்டும்.

முதலில் கன்னின் பாதத்தைத் துணியில் பதித்து அழுத்துங்கள், பிறகு விசை. நிறுத்தும்போது விசையை விட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கையில் அழுத்தம் குறைந்தால் கன் துள்ளும், கத்தரி துணியையே வெட்டும். கீழிருந்து மேலே போவது சுலபம். வளைவு வந்தால் மணிக்கட்டை மட்டும் முறுக்காமல் கன் மொத்தமும் திரும்ப வேண்டும், ஊசி எப்போதும் போகிற திசையைப் பார்க்க வேண்டும். வேகத் திருகைக் குறைத்து வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

முதலில் வெளிக்கோடு, பிறகு உள்ளே நிரப்பல். நாலு, ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி. நெருக்கிக் குத்தினால் அடர்த்தியாக இருக்கும் என்று தோன்றும். நூல்தான் வீணாகும், சட்டத்திலிருந்து எடுத்ததும் விரிப்பு அப்பள ஓரம் போலச் சுருளும். சில வரிசைக்கு ஒருமுறை முன்பக்கம் எட்டிப் பாருங்கள், அல்லது எதிரே ஒரு கண்ணாடி சாய்த்து வையுங்கள்.

கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டியது ஒன்று: கன் ஓடும்போது இன்னொரு கை துணிக்குப் பின்னால் போகவே கூடாது. நூல் வந்திருக்கிறதா என்று தடவிப் பார்க்கத் தோன்றும். விசையை விட்டு, ஸ்விட்சை அணைத்து, அப்புறம் தடவுங்கள். தலைமுடியைக் கட்டுங்கள், துப்பட்டாவைக் கழற்றி வையுங்கள், முந்தானையைச் செருகுங்கள். குழந்தைகள் இருக்கும் வீடென்றால் அறைக்கதவைத் தாழிட்டுவிட்டு வேலை செய்யுங்கள்.

20 செப்டம்பர், இரவு

விட்டுப்போனது: மின்விசிறியை நிறுத்துங்கள். கட் பைலில் துகள் பறக்கும், கத்தரிக்கும்போது இன்னும் மோசம். விசிறி ஓடினால் அடுத்த அறைக் குழம்பு வரைக்கும் போகும். மாஸ்க் கட்டாயம். வியர்வையைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

சத்தம் பற்றி அபார்ட்மெண்ட்காரருக்கு: தையல் மெஷினைவிட அதிகம், ட்ரில்லிங் மெஷினைவிடக் குறைவு. பகலில் ஓட்டினால் கீழ் வீட்டுக்காரர் சண்டைக்கு வரமாட்டார். சட்டத்தின் காலுக்கு அடியில் பழைய ரப்பர் மிதியடியை வைத்தால் அதிர்வு கொஞ்சம் குறையும்.

3 அக்டோபர்

பசை. எல்லாரும் தாண்டிப்போகும் இடம் இதுதான்.

டஃப்டிங்கில் முடிச்சு கிடையாது. நூல் துணியில் சும்மா செருகி நிற்கிறது, பிடித்து இழுத்தால் கையோடு வரும். அதைப் பிடித்து வைப்பது பசை மட்டுமே. உத்தரப் பிரதேசத்தின் பதோகி வட்டாரத்தில் கையால் முடிச்சுப் போட்டுச் செய்யும் கம்பளமும் உண்டு, கையால் டஃப்டிங் செய்வதும் உண்டு, விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ("பதோகி கைவினைக் கம்பளம்" என்று 2010-இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டார்கள்.) கடையில் எது எது என்று தெரியாவிட்டால் திருப்பிப் பாருங்கள். முதுகில் படம் தெளிவாக, முடிச்சு முடிச்சாகத் தெரிந்தால் முடிச்சுக் கம்பளம். துணி ஒட்டி மூடியிருந்தால் டஃப்டிங்காக இருக்க வாய்ப்பு அதிகம்.

பசை என்றால் லேட்டக்ஸ். அதற்கு வெளிநாட்டு டப்பா வேண்டாம், நம் கன்னியாகுமரி மாவட்டம் ரப்பர் பால் இறக்கும் ஊர். சென்ட்ரிஃபியூஜ் செய்த (சுழற்றித் தண்ணீரைக் குறைத்த) லேட்டக்ஸ், 60 சதவீதம் ரப்பர் உள்ளது, கேனில் கிடைக்கும். உறையாமல் இருக்க அமோனியா சேர்த்திருப்பார்கள், மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறும். சன்னல் எல்லாம் திறந்திருக்க வேண்டும், பால்கனி இருந்தால் அங்கே. ரப்பர் கையுறை பட்டால் தடிக்கிற உடம்பு என்றால் லேட்டக்ஸ் பக்கமே போகாதீர்கள், தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பசை இருக்கிறது. மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசை வேண்டாம், காய்ந்ததும் விரிப்பு அட்டையாகிவிடும்.

சட்டத்தில் இருக்கும்போதே தடவ வேண்டும். கழற்றிவிட்டுத் தடவினால் சுருங்கும். பழைய ஏடிஎம் அட்டை மாதிரி ஏதாவது ஒன்றால் மெல்லிசாக இழுத்துத் தேயுங்கள், நூல் வரிசைகளுக்கு நடுவே இறங்க வேண்டும், முன்பக்கம் கசியக் கூடாது. ஓரத்தில் இரண்டு விரல் அகலம் வெளியேயும் தடவுங்கள், மடிக்க வேண்டிய இடம் அது. பால் வெள்ளையாக இருப்பது காயக் காயக் கண்ணாடி மாதிரி மங்கலான மஞ்சளாகும். எங்கேயாவது வெள்ளை தெரிந்தால் இன்னும் ஈரம். பிரஷ் பயன்படுத்தினால் உடனே தண்ணீரில் அலசுங்கள், காய்ந்தால் பிரஷ் போயிற்று.

3 அக்டோபர், இரவு

ஒரு வாசகர் கேட்டது: வாங்கிய விரிப்புக்கு அடியில் வெள்ளைப் பொடியாகக் கொட்டுகிறது, ஏன்? விலை குறைக்க லேட்டக்ஸோடு கால்சியம் கார்பனேட் பொடியைக் கலப்பது வழக்கம். அளவு மீறினாலும், லேட்டக்ஸ் வயதாகி வறண்டாலும் உதிரும். வெயிலும் வெப்பமும் அதைச் சீக்கிரம் கிழடாக்கும். மொட்டை மாடியில் காயப்போட்டால் சுத்தமாகும் என்று நினைப்பது நம் வழக்கம், இந்த விரிப்புக்கு அது எமன்.

12 அக்டோபர்

பசையே இல்லாமல் செய்ய முடியாதா என்று கேட்டவருக்கு ஒரு கதை. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலம், டால்டன் ஊர். காத்தரின் எவன்ஸ் என்ற பெண் 1895-இல், பதின்பருவத்தில், பழைய பாணிப் படுக்கை விரிப்பைப் பார்த்துத் தானும் ஒன்று செய்தார். துணியில் தடித்த நூலால் தையல் ஓட்டி, நூலை வெட்டி, பிறகு மொத்தத்தையும் கொதிநீரில் போட்டார். துணி சுருங்கும், சுருங்கிய துணி நூலை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பசை ஒரு சொட்டு இல்லை. 1900-இல் ஒன்றை இரண்டரை டாலருக்கு விற்றார். அதைப் பார்த்து ஊர்ப் பெண்கள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். பிறகு நெடுஞ்சாலை ஓரம் துணி காயப்போடும் கொடி கட்டி விரிப்புகளைத் தொங்கவிட்டு விற்றார்கள், அதில் அதிகம் போனது மயில் படம், அந்தச் சாலைக்கே மயில் பெயர் வந்துவிட்டது. இயந்திரம் வந்து, அதே ஊர் இன்று உலகக் கம்பளத் தலைநகர் என்று பெயர் எடுத்திருக்கிறது.

நம் வீட்டுக் கன்னுக்கு அந்த வித்தை உதவாது. பாலியெஸ்டர் துணி கொதிநீருக்கு அவ்வளவாக அசையாது, தரையில் மிதிபடும் முடிக்கு அந்தப் பிடிப்பும் பத்தாது. ஆனாலும் மயிலைப் பார்த்தால் அந்தப் பெண்களை நினைத்துக்கொள்கிறேன்.

26 அக்டோபர்

கேள்வி கேட்டவர் சட்டம் அடித்துப் படம் அனுப்பியிருக்கிறார். நன்றாக இருக்கிறது. ஆனால் கீழ்க்கட்டை ஒற்றைக் கட்டை, வளைகிறது. இன்னொன்றைச் சேர்த்துத் திருகுங்கள். துணியின் கோடு வலது ஓரத்தில் மேலே ஏறுகிறது, கழற்றி மறுபடி மாட்டுங்கள். சலிப்பாகத்தான் இருக்கும்.

மழை பிடித்துவிட்டது. பசையை அவசரப்படுத்தாதீர்கள். வெயில் காலத்தில் ஒரு நாளில் காய்வது இப்போது இரண்டு, மூன்று நாள் கேட்கும். ஹேர் டிரையர் வைத்துச் சுட வேண்டாம், மேல் தோல் மட்டும் காய்ந்து உள்ளே ஈரம் தங்கும். அது ஒரு நாற்றம் கிளப்பும் பாருங்கள்.

10 நவம்பர்

கத்தரிப்பு. சட்டத்தில் இருக்கும்போதே முதல் சுற்று, இல்லாவிட்டால் கழற்றித் தரையில் விரித்து. கம்பள ஷேவர் வாங்க மனமில்லாதவர்கள் நாய் முடி வெட்டும் கிளிப்பரை வைத்து ஓட்டலாம். ஒரே மூச்சில் ஆழமாகப் போகாமல் மெல்ல மெல்ல இறக்குங்கள், வெட்டிய முடி திரும்ப வராது. நிறமும் நிறமும் சந்திக்கும் கோட்டில் சின்ன வளைந்த கத்தரியால் சாய்த்து வெட்டினால் படம் பளிச்சென்று பிரியும். விரிப்பின் அழகில் பாதி இந்தச் சாய்வு வெட்டில் இருக்கிறது, இதற்கு நான் எவ்வளவு நேரமும் உட்காருவேன்.

பின்துணி: காடா, ட்ரில், ஃபெல்ட், எதுவும். ஓரத்தை மடித்து மூலையில் அதிகப்படியை வெட்டி ஒட்டி, மேலே பின்துணி. தரையில் வழுக்காமல் இருக்க ரப்பர் புள்ளி வைத்த துணி நல்லது.

24 நவம்பர்

விற்பனை. ஆசையைக் கெடுக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நூல், துணி, பசை, பின்துணி, கூடவே உங்கள் கூலி, இவற்றைக் கூட்டுங்கள். அப்புறம் பவானி ஜமக்காளம் என்ன விலைக்குப் போகிறது என்று பாருங்கள். தலைமுறை தலைமுறையாகத் தறிக்குழியில் காலை விட்டு நெய்தவருக்கே அந்தக் கூலிதான் கட்டுகிறது. அளவுக்கு விலை என்று போட்டியில் இறங்கினால் நமக்குக் கட்டாது. வேறு எங்கும் கிடைக்காத படம், வாங்குபவர் வீட்டுக்கென்றே வரைந்தது என்றால் விலை கேட்கலாம். கார்ட்டூன் பொம்மைகளை அடித்து விற்கும் பலரைப் பார்க்கிறேன். அந்தப் படங்களுக்கு உரிமைக்காரர் இருக்கிறார், சொந்த வீட்டில் போட்டுக்கொள்வது வேறு, விற்பது வேறு.

இன்னொரு நிஜம்: நம் வீடுகளில் தினமும் ஈரத் துணியால் தரை துடைப்போம். டஃப்டிங் விரிப்பு ஈரம் பட்டால் சீக்கிரம் காயாது. குளியலறை வாசலில் போட இது ஆகாது. கட்டில் ஓரம், நாற்காலி அடி, இல்லாவிட்டால் சுவர். சுவருக்குத்தான் என் ஓட்டு.

1 டிசம்பர்

துணி கிழிந்துவிட்டது, எல்லாம் போச்சா என்று கோவையிலிருந்து பதறிய செய்தி. போகவில்லை. சின்னக் கிழிசல்தானே. இரண்டு பக்கத்தையும் ஊசி நூலால் இழுத்துத் தைத்துச் சேருங்கள். அதே துணியில் கிழிசலைவிடப் பெரிய துண்டு வெட்டி முதுகுப் பக்கம் லேட்டக்ஸ் போட்டு ஒட்டிக் காயவிடுங்கள். காய்ந்த இடத்தில் ஊசி கொஞ்சம் சிரமப்பட்டுத்தான் போகும், வேகத்தைக் குறைத்து அதன் மேலேயே அடியுங்கள். முன்பக்கம் யாருக்கும் தெரியாது.

கிழிந்த காரணம், படத்தைப் பார்த்தால், அதே இடத்தில் வரிசை மேல் வரிசையாகக் குத்தியது. வழுக்கையாகத் தெரிந்த இடத்தை நிரப்பப் போயிருக்கிறீர்கள். அந்த மாதிரி இடத்துக்குக் கன் வேண்டாம், பஞ்ச் நீடிலால் நாலு குத்து.

1 டிசம்பர், சற்றுப் பின்

ஆமாம், கன்னுக்கு எண்ணெய் விட வேண்டும். தையல் மெஷின் எண்ணெயே போதும், பல்சக்கரத்திலும் ஊசித் தண்டிலும் இரண்டு சொட்டு. விட்டபின் பழைய துணியில் கொஞ்சம் ஓட்டிக் கறையைக் கழித்துவிட்டு விரிப்புக்கு வாருங்கள். திருகுகள் அதிர்வில் தளரும், ஒவ்வொரு முறையும் அலன் கீயால் (அறுகோணத் திருகுச் சாவி) ஒரு பார்வை. தேங்காய் எண்ணெய் விடலாமா என்று கேட்டவருக்கு: கூடாது. மார்கழிக் குளிரில் உறைந்து நிற்கும்.